இருபத்தேழாவது கேள்வி

இன்றைக்கு நாற்பது வெள்ளியா,
ஐந்து வாரம் கழித்து அறுபதா?

பகல் முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
கழுத்தில் பல்கலைக்கழக அட்டை,
கையில் சூடேறிய கைக்கணினி.
ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளி எனக்கு,
மாதக் கடைசியில்;
பெரும்பாலும் அதற்கடுத்த மாதக் கடைசியில்.

காத்திருத்தலுக்கு ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள்: கே.
சிறிதானால் பொறுப்பார்கள்.
பெரிதானால் விதைநெல்லைப் பொங்கிவிடுவார்கள்.

பெனாங்கு ஸ்ட்ரீட்டில் பூ கட்டும் பவளக்கொடிக்குப் பெரிய கே.
நாற்பதக் குடு,
அஞ்சு வாரத்துல நீ எங்கயோ நான் எங்கயோ
என்றாள், நாரைப் பல்லால் அறுத்தபடி.

சாப்பாடு கொண்டு போகும் யுகேந்திரன்
திரையில் பலூனை ஊதினான்.
ஒவ்வோர் அழுத்தலுக்கும் பத்து சென்.
எப்போது வெடிக்கும் என்று
ஊதுகிறவனுக்குச் சொல்வதில்லை.
முப்பத்தோராவதில் வெடித்தது.
மழையில பாலம் ஏறுறதுக்கு இது தேவலாம்க்கா
என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான்.

பிட் ஸ்ட்ரீட்டுக்கு வரும்போது அஸருக்குக் கால்மணி இருந்தது.
நாணயமாற்றுக் கடை. கம்பிக்கு அந்தப் பக்கம்
காதர் மஸ்தான் கண்ணாடியைத் துடைத்தார்.

நாற்பது எப்படி அறுபதாச்சு?
காத்திருந்ததற்கு, என்றேன்.
காத்திருந்ததுக்குக் காசா?
அது வட்டிம்மா. நாற்பதே போதும்.

அறுபது எண்பதானது. எண்பது நூற்றைம்பதானது.
தொகையைக் கணினிதான் ஏற்றுகிறது, நானில்லை.
நாற்பது, என்றார்.
நாற்பது.
சில்லறை எண்ணும் அதே குரலில்
நாற்பது.

கொடிமலையிலிருந்து உருட்டிவிட்ட கல்போல்
வளைகோடு விழுந்தது.
பொறுமையின்மை: உச்சம்.

பலூனைக் காட்டினேன்.
சூது, என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
ஒருமுறைகூடத் தொடவில்லை.
சுருங்கிய ரப்பர் திரையில் அப்படியே கிடந்தது.
ஆபத்து நாட்டம்: பூஜ்யம்.

இருபத்தேழாவது கேள்விக்கு ஆம், இல்லை மட்டும்தான்.
நெடுநாள் தேவை எதற்காவது சேமிக்கிறீர்களா?

இழுப்பறையைத் திறந்தார்.
தாபோங் ஹாஜி புத்தகம்.
மாதம் ஐம்பது, ஐம்பது, ஐம்பது,
மை மாறியிருக்கிறது, எண் மாறவில்லை.
பெயர் வரிசையில இருக்கு, என்றார்.
எப்போது முறை வரும்?
கணக்குப் போட்டு வைத்திருந்தார்:
அவருக்கு நூற்றுப் பதினேழு வயதாகும்போது.

அதுக்குள்ள முன்னால உள்ளவங்க யாராச்சும் விலகலாம்.
இல்லேன்னா நான் விலகிக்குவேன்.

புத்தகத்துக்கு அடியில்
ரப்பர் பட்டை இற்று ஒட்டிக்கொண்ட ஒரு கட்டு ரூபியா.
தொண்ணூற்றெட்டில் மேடான் படகில் வந்திறங்கிய பெண்,
இடுப்பில் பிள்ளை;
மணிக்கொரு விலை சரிந்த நோட்டை
நாலு கடையில் வாங்கவில்லை.
இவர் வாங்கினார். முந்தின நாள் விலைக்கு.

விற்கவே இல்லையா?
ஏறும்னு பார்த்தேன்.
இப்ப அந்த நோட்டே செல்லாதாம்.
எனக்கு முன்பாகவே கட்டைத் திரும்ப அடுக்கினார்,
ஓரங்கள் சமமாக வரும்வரை.

ஆம், என்பதைத் தொட்டேன்.
குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு,
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
'பதிலாளர்' என்று தொடங்கி
அழித்தேன். மறுபடி தொடங்கி
அழித்தேன்.

பாங்கு ஒலித்தது. கதவைப் பாதி இறக்கிவிட்டார்.
குனிந்து, பற்றுச்சீட்டை நீட்டினேன்:
பங்கேற்புத் தொகை பதினைந்து வெள்ளி,
பதினான்கு வேலைநாட்களுக்குள்.

பதினைஞ்சுதானே வரும்? லேட்டாச்சுன்னு கூட்டிப் போட மாட்டாங்களே?
மாட்டாங்க.

கையெழுத்துப் போட்டார்.
அப்ப எப்ப வந்தாலும் சரிம்மா.